அடுப்படியில் ஓர் அரசாங்கம்

பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை ஆகாரம் அளிக்கும் தமிழ்நாட்டுத் திட்டம் இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. குழந்தையின் தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. அந்தத் தட்டை நிரப்பும் பெண்ணுக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பதைப் பற்றி இனிமேல்தான் பேச வேண்டியிருக்கிறது.

மார்கழிப் பனி வயல்வரப்பை விட்டு இன்னும் எழுந்திராத வேளை. திருக்குவளைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குள் நாம் நுழைந்தபோது, கோயில் ஒலிபெருக்கியையும் முக்குக் கடைத் தேநீர் பாய்லரையும் தவிர்த்தால், அவ்வூரில் விழித்துக்கொண்டிருந்த இடம் பள்ளியின் சமையற்கூடம் ஒன்றே. புதன்கிழமை, ஆகவே வெண்பொங்கல். ஒருத்தி அரிசியும் பாசிப்பருப்பும் களைந்த நீரை வாசலில் நிற்கும் முருங்கை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்றொருத்தி சாம்பாருக்கான பூசணிக்காயைத் தோலோடு துண்டு போட்டுவிட்டு, சின்ன இரும்பு உரலில் மிளகை இடித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு மிளகை முழுசாகத்தானே போடுவார்கள் என்று கேட்டோம்.

“முழுசாப் போட்டா ஒவ்வொண்ணாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கி வச்சிடுதுங்க. ஒண்ணு ரெண்டா இடிச்சுப் போட்டுட்டா தெரியாம உள்ள போயிடும்” என்றாள், உலக்கையை நிறுத்தாமலே.

ஏழரை மணிக்குள் எல்லாம் இறக்கியாயிற்று. பிறகு சமையலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சடங்கு நடந்தது. அவள் கைப்பேசியை முந்தானையால் துடைத்து, பாத்திரத்தைப் படம் பிடித்து, அலைவரிசை கிடைப்பதற்காகக் கொடிக்கம்பத்து மேடைமேல் ஏறி நின்று, அந்தப் படத்தைச் செயலியில் ஏற்றினாள். தலைமையாசிரியை ஒரு கரண்டி வாங்கி ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். எட்டேகாலுக்குப் பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களுள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, பரிமாறுகிறவளின் சொந்த மகள். பள்ளிக்குள் அவளும் மற்றப் பிள்ளைகளைப் போலவே தாயை “அக்கா” என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

“உங்கள் வீட்டில் இன்று என்ன சமையல்?” என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தோம்.

“வீட்ல இன்னும் அடுப்பே பத்த வைக்கலைங்க. அவருக்குக் கடையில ரெண்டு இட்லி வாங்கிக்கச் சொல்லிட்டேன்.”

குறை சொல்லும் தொனியே அந்தப் பதிலில் இல்லை. ஆயினும் குழந்தைகளின் க்ஷேமத்தையும் குடும்பங்களின் க்ஷேமத்தையும் கருதி ஒரு சர்க்கார் செய்யும் காரியத்தை ஆராய முற்படுகிறவன் எந்த இடத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதை அது நமக்கு உணர்த்திற்று.

நூறு வருஷத்துச் சோறு

பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920-இல் சென்னை நகரசபைத் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் பகல் ஆகாரம் அளிக்க ஏற்பாடு செய்தார். பிள்ளைகளின் வரவு கூடிற்று. மேலும் சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று. ஆரம்பக் கல்விக்கென ஒதுக்கிய பணத்தை அன்னத்துக்குச் செலவிடலாகாது என்று பிரிட்டிஷ் சர்க்கார் கைவிரித்ததன் பயனாக 1925-இல் நின்றும் போயிற்று. படிப்புக்கான பணம் வேறு, பசிக்கான பணம் வேறு என்று பிரித்துப் பார்த்த அந்தக் குமாஸ்தா புத்தி பிரிட்டிஷாரோடு கப்பலேறிவிட்டது என்று யாராவது நினைத்தால், அவர் நிதித் துறைக் கோப்பு எதையும் படித்ததில்லை என்று அர்த்தம்.

1956-இல் முதலமைச்சர் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆடு மேய்த்த சிறுவனை அவர் சந்தித்த கதையை எல்லா மேடைகளிலும் சொல்லியாகிவிட்டபடியால் இங்கே அது வேண்டாம். அதைவிட முக்கியமான விஷயம், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று, அந்தந்த ஊராரின் தானியத்தையும் நன்கொடையையும் திரட்டி, சர்க்கார் பணம் முழுமையாக வருவதற்கு முன்பே அடுப்பை மூட்டவைத்தார் என்பதுதான். பின்னர் 1982 ஜூலை 1-ஆம் தேதி எம். ஜி. ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறத்துக் குழந்தைகள், அதே வருஷம் செப்டம்பரில் நகரத்துக் குழந்தைகள், 1984-இல் பதினைந்து வயது வரையிலுள்ள மாணவர்கள் என்று பந்தி நீண்டுகொண்டே போயிற்று. கஜானா காலியாகிவிடும் என்று அன்று எச்சரித்த பண்டிதர்கள் பலர். கஜானா காலியாகவில்லை, அந்தப் பண்டிதர்களின் பெயர்கள்தான் ஞாபகத்தில் இல்லை. 1989-இல் பதினைந்து நாளைக்கு ஒன்றாகத் தட்டில் சேர்ந்த முட்டை, ஆட்சிகள் மாறினும் பெருகிக்கொண்டே சென்று, 2010-இல் வாரத்துக்கு 5 ஆயிற்று. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் குறைந்தபட்சம் 300 கலோரி கொண்ட சமைத்த உணவை வருஷத்தில் 200 நாளாவது அளிக்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தமிழ்நாட்டுக்கு அது பழைய பாடமாக இருந்தது.

▣ பெட்டிச் செய்தி: காலை ஆகாரம் வந்த வழி
2022 செப்டம்பர் 15: மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடக்கம். முதற் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் குழந்தைகள்.
2023 ஆகஸ்ட் 25: திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவு. பள்ளிகள் 31,008.
2024 ஜூலை 15: திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்காக. 3,995 பள்ளிகள், 2.23 லட்சம் குழந்தைகள்.
2025 ஆகஸ்ட் 26: சென்னை மயிலாப்பூரில், நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்காக. 2,429 பள்ளிகள், 3.06 லட்சம் குழந்தைகள்.
தலைக்கு அளவு: அரிசி, ரவை, சேமியா முதலியவற்றுள் ஒன்று 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், காய்கறி அந்தந்த ஊரில் கிடைப்பது.

யாருடைய காலை?

பகலில் ஒரு வேளை சோறு நிச்சயம் என்று ஆனபின் காலைக்கும் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் காலையில் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கேட்கிறவர்கள். சத்துணவு மணி அடிக்கும் வரையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, முற்பகல் முழுவதும் கரும்பலகையில் எழுதப்படும் கணக்கும் தமிழும் எவ்வளவு தூரம் ஏறும் என்பதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய எந்த ஆசிரியரும் சொல்வார்.

அந்தப் பிள்ளை பட்டினியாக வருவதற்குத் தாயின் அசிரத்தையே காரணம் என்று எண்ணுவது பெரும் அநியாயம். டெல்டாவில் நடவுக் காலத்தில் வெயில் ஏறுமுன் வயலில் இறங்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவள் குறித்த நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும். திருப்பூர்ப் பக்கத்தில் கம்பெனி வண்டி வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். இவர்களுள் யாரும் பிள்ளையை நினையாமல் வாசற்படி தாண்டுவதில்லை. பழைய சோறு மிஞ்சியிருந்தால் அதில் மோர் விட்டு மூடிவைத்துப் போவார்கள். மிஞ்சாவிட்டால் ரூபாய் பத்தைக் கையில் கொடுப்பார்கள். அது பெட்டிக்கடையில் பாக்கெட் தின்பண்டமாக உருமாறும். இவ்விரண்டும் இல்லாத வீடுகளில் மூத்த பெண் குழந்தை இருந்தால், பத்து வயதில் அவள்தான் அடுப்பை மூட்டுவாள். தம்பிக்கு ஊட்டிவிட்டு, பாத்திரம் துலக்கிவிட்டு, முதல் பாடவேளை முடிந்தபின் வகுப்பு வாசலில் வந்து நிற்பாள். வருகைப் பதிவேட்டில் அவள் தாமதமாக வந்தவள். வீட்டுக் கணக்கில் அவள் அன்றைக்கு இரண்டு மணி நேரம் வேலை பார்த்தவள்.

எனவே காலை உணவினால் உண்டான முதல் பலன், குழந்தையின் வயிறு நிரம்பியது மட்டுமன்று. ஏழைக் குடும்பத்தின் விடியற்காலை ஒன்று விடுதலை பெற்றது. முதற் கட்டத்துப் பள்ளிகளை ஆராய்ந்த மாநிலத் திட்டக் குழு, 1,543 பள்ளிகளுள் 1,319-இல் குழந்தைகளின் வரவு கூடியிருப்பதாகக் கண்டது. வரவு கூடியது என்ற இரண்டு சொல்லுக்குள் அந்தப் பத்து வயதுப் பெண் நேரத்தோடு வந்து உட்கார்ந்ததும் அடக்கம். ஆனால் அதைத் தனியே எண்ணிப் பார்க்க எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

இதற்கு எதிராக எழுந்த குரலும் உண்டு. தாய் சமைத்தால்தான் பாசம், சர்க்கார் சமைத்தால் குடும்பப் பிணைப்பு தளரும் என்ற ஆட்சேபம் ஆரம்பத்தில் நன்கு படித்தவர்களிடமிருந்தே எழுந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் எவரும் அந்த ஆட்சேபத்தில் கையெழுத்திட்டதாக நாம் அறியோம்.

பந்தியில் வந்த சோதனை

தமிழ்நாட்டில் சோற்றைப் பற்றி எழுதிவிட்டுச் சாதியைப் பற்றி எழுதாமல் விடுவது, உப்பில்லாமல் பரிமாறுவது போலாகும். தொடக்க காலத்திலிருந்தே பள்ளிப் பந்திக்கு வெளிப்படையாகச் சொல்லப்படாத ஓர் உத்தேசம் இருந்துவந்தது. ஒரே அடுப்பில் ஆனதை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் குழந்தைகள், தம் பாட்டன்மார் செய்யத் துணியாததைச் செய்துவிட்டு எழுந்திருப்பார்கள் என்பதே அது. பெரும்பாலான ஊர்களில் அப்படியே நடந்தும் வருகிறது. ஆனால் யார் உண்கிறார்கள் என்பதில் விட்டுக்கொடுத்த ஊர்கள் சில, யார் சமைக்கிறார்கள் என்பதில் முரண்டு பிடித்தன.

2023 செப்டம்பரில், காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த சில வாரங்களுக்குள், தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில் குழந்தைகள் பலர் தட்டைத் தொடவில்லை. சமைத்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். அமைச்சர் கீதா ஜீவனும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் மாவட்ட ஆட்சியரும் நேரில் சென்று, குழந்தைகளோடு பந்தியில் அமர்ந்து உண்டார்கள். அது சாதிப் பிரச்சினையன்று, ஊர்த் தகராறு என்று வாதித்தவர்களும் இருந்தனர். ஊர்த் தகராறு எதனால் உண்டாகிறது என்பதை அவர்கள் விளக்கவில்லை. அதே மாதம் கரூர் மாவட்டத்து வேலஞ்செட்டியூரிலும் இதே சங்கடம். அங்கும் ஆட்சியர் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. உசிலம்பட்டி இருப்பது எட்டயபுரத்தின் அருகே. காமராஜர் இலையைப் போட்ட இடத்துக்கு அண்மையிலேயே, அறுபத்தேழு வருஷம் கழித்து, இலையை மறுக்கும் கை நீண்டது என்பது நம்மை யோசிக்க வைக்கிறது.

ஆனால் இதில் கவனிக்கத் தக்கது, இரண்டு இடங்களிலும் சர்க்கார் சமையற்காரியை மாற்றி ஊரைச் சமாதானம் செய்யவில்லை என்பது. முன்னொரு காலத்தில் அதுவே சுலபமான பரிகாரமாக இருந்தது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சத்துணவுச் சமையலரை ஊரார் ஆட்சேபித்தபோது, அதிகாரிகள் முதலில் அவரைத்தான் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அந்த உத்தரவு ரத்தாயிற்று. ஐந்து வருஷத்தில் ஓர் உத்தரவு எழுதும் கை மாறியிருக்கிறது. ஊரின் மனம் மாறியிருக்கிறதா என்பதை ஆட்சியர் வண்டி திரும்பிப் போன பிறகு நடந்த பந்திகள்தான் சொல்ல வேண்டும்.

நேற்றைய தட்டு, இன்றைய உயரம்

அன்னமிடுவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு, பசி தீரும் என்பதே போதுமான விடை என்று கருதுகிறவர்கள் நாம். ஆயினும் சாஸ்திர ரீதியாக அளந்து சொல்லியவர்களின் வார்த்தையையும் கேட்போம். 2021-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ சஞ்சிகையில் சுமன் சக்ரவர்த்தியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்தியா முழுமையையும் பற்றியது. சிறு வயதில் பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த பெண்கள் பிற்காலத்தில் பெற்ற குழந்தைகள், அந்த வாய்ப்பில்லாத பெண்களின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருக்கக் கண்டார்கள். 2006-க்கும் 2016-க்கும் இடையில் இந்தியச் சிசுக்களின் உயரத்தில் உண்டான முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இந்த மதிய உணவோடு தொடர்புடையது என்பது அவர்கள் கணக்கு. அந்த உணவுக்காகப் பள்ளியில் தங்கிய பெண் கூடுதலாகச் சில வருஷம் படித்தாள், படித்ததனால் சற்றுத் தாமதித்துத் தாயானாள், குறைவாகப் பெற்றாள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இதன் அர்த்தத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1982-இல் பாப்பாக்குறிச்சியில் தட்டேந்திய ஆறு வயதுச் சிறுமிக்கு இன்று ஐம்பது வயது நெருங்குகிறது. அன்றைய வரவுசெலவுத் திட்டத்தில் அவளுக்கென எழுதிய செலவின் ஒரு பகுதி, அவள் மகளின் உயரத்தில், ஒருவேளை பேத்தியின் உயரத்தில், இருபது முப்பது வருஷம் கழித்து வரவாக விழுந்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் அரசியலில், பலனைப் பார்க்கத் தாங்கள் இருக்கமாட்டோம் என்று தெரிந்தே, அல்லது தெரியாமலே, ஒன்றன்பின் ஒன்றாக வந்த எதிரும் புதிருமான ஆட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முந்தியவர் இட்டதைக் குறைக்காமல் அதன்மேல் இன்னொரு கரண்டி வைத்துப் போயின. இந்த மாநிலத்து அரசியலின் மற்ற அம்சங்களைப் பற்றி நமக்கு ஆயிரம் குறைகள் உண்டு. இதற்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

▣ பெட்டிச் செய்தி: அளவுகோல் சொல்வது
தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் 25 சதவீதம். இந்திய அளவில் 35.5.
உயரத்துக்கேற்ற எடை இல்லாதோர் 14.6 சதவீதம்; முந்திய சுற்றில் 19.7.
ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இரத்தசோகை உள்ளோர் 57.4 சதவீதம், முந்திய சுற்றில் 50.7.
மருத்துவமனையில் நிகழும் பிரசவம் 99.6 சதவீதம்.

வரிசைக்கு எட்டாத சிசு

பெட்டியிலுள்ள வரிகளில் மூன்றாவதை வாசகர்கள் மறுபடி ஒருமுறை படிக்க வேண்டுகிறோம். ஆஸ்பத்திரியில் பிறக்காத குழந்தையே அநேகமாக இல்லை என்னும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு மாநிலத்தில், சிறு குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தம் குன்றியிருக்கிறது. அதுவும் குறையாமல் கூடியிருக்கிறது. காலை உணவும் மதிய உணவும் இதைத் தீர்க்கமாட்டா. ஏனெனில் அவை குழந்தைக்கு ஐந்து வயதான பிறகு வருகின்றன. உடலின் அஸ்திவாரமோ கர்ப்பத்திலும், பிறந்த பின் முதல் இரண்டு வருஷத்திலும் போடப்பட்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் குழந்தைக்கு வரிசையில் நிற்கத் தெரியாது, தட்டேந்தத் தெரியாது, அதனிடம் போய்ச் சேர வேண்டுமானால் வீட்டுக்குள் நுழைந்து, தாயின் கை வழியாகத்தான் சேர வேண்டும்.

இதை முன்னமே அறிந்து செய்த முயற்சியும் தமிழ்நாட்டில் உண்டு. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த போஷாக்குத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். எடை குன்றிய குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட நாள்வரை சத்துருண்டை கொடுத்து, எடை தேறியதும் நிறுத்தினார்கள். கூடவே தாய்க்கும் ஊட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோருக்கும் போடும் பந்திக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பந்தி கண்ணுக்குத் தெரியும், மந்திரி வந்து பரிமாறலாம், புகைப்படம் எடுக்கலாம். தராசில் இருநூறு கிராம் ஏறியதைப் புகைப்படம் எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, இன்று அந்தத் திட்டத்தின் பெயரைச் சொன்னால் அதிகாரிகளிலேயே வயதானவர்கள்தாம் தலையசைக்கிறார்கள்.

இப்போது அந்தப் பொறுப்பு, 1975-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் கீழ் வரும் அங்கன்வாடிகளுடையது. தமிழ்நாட்டில் அவை 54,000-க்கும் மேல். கர்ப்பிணிகளுக்கும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. ஆறு மாதக் குழந்தையின் பெயரால் வீட்டுக்கு வரும் மாவு, அங்கிருக்கும் ஐந்து பேர் மாலையில் தேநீரோடு தின்னும் உருண்டையாகிவிடுவதை எந்த அங்கன்வாடி ஊழியரும் ஒப்புக்கொள்வார். பசியுள்ள வீட்டில் ஒரு வயிற்றுக்கு மட்டும் என்று முத்திரை குத்தி எதையும் அனுப்ப இயலாது. 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம், மிகவும் மெலிந்த குழந்தைகளைத் தேடிப் பிடித்துத் தனியே சிகிச்சையும் உணவும் கொடுக்க முற்படுகிறது. பழைய தராசுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்று நாம் அதை வரவேற்கிறோம்.

பிரசவ காலத்து உதவித் தொகையும் இந்த இடத்தைச் சேர்ந்ததே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் ரூ.300-ஆக ஆரம்பித்து, 2006-இல் ரூ.6,000, 2011-இல் ரூ.12,000, 2018-இல் ரூ.18,000 என்று உயர்ந்தது. கடைசியாகச் சொன்னதில் ரூ.4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. வேலைக்குப் போகும் கர்ப்பிணி கூலியை இழந்து ஓய்வெடுப்பதற்கு ஈடாகவே அந்தப் பணம். ஆனால் தவணை தவணையாக, பிள்ளை பிறந்த பின்னும் தாமதித்து வருமானால், ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில் அவள் களையெடுத்துக்கொண்டுதான் இருப்பாள்.

சமைப்பவளின் கணக்கு

இனி அடுப்படிக்கு வருவோம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சத்துணவுக் கூடத்திலிருந்து கூரையில் பற்றிய தீ, 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கீற்றுக் கூரைகளின்மேல் சர்க்காரின் கண் விழுந்ததும், சமையற்கூடங்களின் பாதுகாப்பைப் பற்றி விதிகள் பிறந்ததும் அதன் பின்னர்தான். அந்த நாள் வரையில் புகையிலும் பொறியிலும் நின்று வெந்துகொண்டிருந்த பெண்களின் நிலை யாருக்கும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாகத் தோன்றியதில்லை.

43,000-க்கும் மேற்பட்ட சத்துணவு மையங்களில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூவர் இருக்க வேண்டும். பல மையங்களில் ஒருவர் இரண்டு மூன்று பேர் வேலையைச் செய்கிறார். ஓய்வு பெற்றவர்களின் இடம் வருஷக்கணக்கில் நிரம்பவில்லை. 2024-இன் இறுதியில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க உத்தரவு வந்தபோது, தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் ரூ.3,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. மத்திய சர்க்கார் சமையல்காரர்களுக்கென நிர்ணயித்த தொகையோ மாதம் ரூ.1,000, 2009-இல் வைத்த அந்தத் தொகை அசையாமல் அப்படியே நிற்க, துவரம் பருப்பின் விலை என்ன செய்தது என்பது வாசகர்கள் அறிந்ததே. அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய சர்க்காரின் நிர்ணயம் 2018 முதல் ரூ.4,500, உதவியாளருக்கு ரூ.2,250. தமிழ்நாடு தன் பங்குக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்றை ஏற்படுத்திப் பல மாநிலங்களைவிட மேலாகவே கொடுக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிய சமையலர் ஓய்வு பெற்றால் கிடைத்துவந்த மாதாந்திர சிறப்பு ஓய்வூதியம் ரூ.2,000. குறைந்தபட்சம் ரூ.6,750 வேண்டும் என்று அவர்கள் மாவட்டத் தலைநகரங்களில் குந்தியிருந்து முழக்கமிட்டதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

இவர்கள் சர்க்கார் ஊழியர் அல்லர், சேவை மனப்பான்மையால் வருகிறவர்கள் என்பது ஏட்டில் எழுதிய நிலைப்பாடு. 2022 ஏப்ரல் 25-இல் உச்ச நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த வழக்கொன்றில், அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடைக்கு உரியவர்களே என்று தீர்ப்பளித்து, அந்த நிலைப்பாட்டின் ஒரு சுவரைத் தகர்த்தது. மற்றச் சுவர்கள் நின்றுகொண்டிருக்கின்றன.

காலை உணவுத் திட்டத்தின் பெண்கள் அந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் உறுப்பினர்கள். குழு அவர்களைத் தெரிந்தெடுக்கிறது. கொஞ்சம் படித்திருக்க வேண்டும். கைப்பேசி வைத்திருக்க வேண்டும். அதே ஊரில் வசிக்க வேண்டும். தம் பிள்ளை அதே பள்ளியில் பயில வேண்டும். கடைசி விதியை வகுத்தவர் புத்திசாலி என்றே முதலில் தோன்றும். தன் குழந்தை உண்ணப்போகும் பொங்கலில் எந்தத் தாயும் கல்லைக் கலக்கவிடமாட்டாள். மிளகை இடித்துப் போடும் யோசனை அமைச்சக அறையில் உதிக்காது. அதற்குத் தாய்தான் வேண்டும். ஆனால் அந்த விதிக்கு ஒரு வால் உண்டு. பிள்ளை அந்தப் பள்ளியை விட்டுப் போனால் தாயும் போக வேண்டியவளாகிறாள். நூறு பேருக்கு அளவு தெரிந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எது பிடிக்காது என்று அறிந்து, கைப்பக்குவம் படிந்து வரும்போது அவளுடைய தகுதி முடிகிறது. காரணம் அவளுடைய குழந்தை வளர்ந்துவிட்டது.

இன்னொரு விநோதத்தையும் அந்தப் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பார்த்தோம். காலை உணவு 5-ஆம் வகுப்பு வரைதான். 2025 ஆகஸ்டு விரிவாக்கம் பள்ளிகளைக் கூட்டியதே தவிர வகுப்பைக் கூட்டவில்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரே சைக்கிளில் வந்த அண்ணனும் தங்கையும் வாசலில் பிரிந்தார்கள். மூன்றாம் வகுப்புத் தங்கை தட்டெடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். ஆறாம் வகுப்பு அண்ணன் சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்துவிட்டு வகுப்புக்குப் போனான். போன ஏப்ரல் மாதம் வரையில் அவனும் அந்த வரிசையில் இருந்தவன். ஏப்ரலில் பசித்த வயிறு ஜூனில் பசிக்காது என்று எந்த வைத்திய நூலிலும் இல்லை. ஆனால் சர்க்கார் உத்தரவில் இருக்கிறது.

8-ஆம் வகுப்பு வரையில் நீட்டுவதானால் செலவு கூடும் என்கிறார்கள். கூடத்தான் செய்யும். 2023-24-இல் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் ரூ.404 கோடி. அதைப் போல இன்னொரு பங்கை ஒதுக்கி ஆறாம் வகுப்பு அண்ணனையும் பந்தியில் உட்கார வைத்தால், சமைக்கும் தாயும் இன்னும் மூன்று வருஷம் அந்த அடுப்படியில் நிற்கலாம். அவளுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றை, பணிக்கொடைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் விதமாக, அதே உத்தரவின் இரண்டாம் பத்தியில் எழுதிவிட்டால், அவளுடைய வீட்டு அடுப்பைப் பற்றி நாம் கேட்ட கேள்விக்கும் ஒருவாறு பதில் கிடைக்கும். எந்தக் கட்சி அந்த உத்தரவில் கையெழுத்திட்டாலும் நமக்குச் சம்மதமே.